காட்டுமாட்டின் கண் ஏன் மின்னுகிறது?

கோத்தகிரியைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வீட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் டார்ச்சைச் சுழற்றினால், சரிவில் நெஞ்சு உயரத்தில் இரண்டு வெளிர்பச்சைப் புள்ளிகள் எரியும். உடல் தெரியாது, கொம்பு தெரியாது. கண்கள் மட்டும் தெரியும். காட்டுமாடு! செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதினாலும் அது எருமை அல்ல, மாட்டினம். ஆயிரம் கிலோ வரை எடை வரக்கூடிய அந்த உடலை இருட்டு முழுவதுமாக மறைத்திருக்க, மின்னும் அந்தக் கண்கள்தான் நம்மை நிற்கவைத்துக் காப்பாற்றுகின்றன.

சிறு வயதில் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதே டார்ச்சை நம் முகத்தில் அடித்தால் நம் கண் ஏன் மின்னுவதில்லை? பாட்டியிடம் பதில் இல்லை. ஆனால் நல்ல கேள்வி என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் கேட்கச் சொன்னார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பார்வை என்பது என்ன என்பதில் பாதி விளங்கிவிடும். இந்தக் கட்டுரை அந்த வழியில்தான் போகிறது.

முதலில் ஒரு பழைய எண்ணத்தை விலக்கிவிடுவோம். ‘பார்வை பட்டுவிட்டது’ என்கிறோம், ‘கண்ணேறு’ என்கிறோம். கண் எதையோ வெளியே எறிகிறது என்ற நினைப்பு மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. பழைய கிரேக்கர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் என்ற அரபு அறிஞர், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று விரிவாக நிறுவினார். கண் எதையும் எறிவதில்லை. வருகிற ஒளியை வாங்கிக்கொள்கிறது.

அந்த ஒளி போகும் பாதையைப் பார்க்கலாம். வெயில் ஒரு தேயிலைக் கொழுந்தின் மேல் விழுந்து சிதறுகிறது. சிதறியதில் ஒரு துளி நம் கண்ணின் முன்புறமுள்ள கார்னியா என்னும் தெளிந்த படலத்தில் நுழைகிறது. ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்தப் படலமே செய்துவிடுகிறது. பிறகு கண்பாவை. அது ஒரு துளைதான், கறுப்பாகத் தெரிவதால் ஏதோ பொருள் என்று நினைத்துவிடுகிறோம். அதன் பின்னால் லென்ஸ் இருக்கிறது. தூரத்தையும் அருகையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது நுணுக்கமாகக் குவியத்தைச் சரிசெய்வது இதுதான். கடைசியில், கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். குச்சிகளுக்கு மிகக் குறைந்த ஒளி போதும், ஆனால் நிறம் தெரியாது, நுணுக்கமும் தெரியாது. கூம்புகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இருந்தால் அவை நிறத்தையும் நுணுக்கத்தையும் அள்ளித் தருகின்றன. விழித்திரையின் நடுவில் ஒரு சிறு பள்ளம் உண்டு. அங்கே கூம்புகள் மட்டுமே நெருக்கியடித்து நிற்கின்றன. நாம் ‘கூர்ந்து பார்ப்பது’ அந்தப் பள்ளத்தால் மட்டுமே. அது எவ்வளவு சிறியது என்று தெரிய வேண்டுமானால், கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நமக்குத் தெளிவாகத் தெரியும் உலகம் ஏறத்தாழ அந்த நகத்தின் அகலம்தான். நம்பிக்கை வரவில்லை என்றால், ஒரு செடியில் ஒரே ஓர் இலையின் மேல் பார்வையை நிறுத்திக்கொண்டு, கண்ணை அசைக்காமல் ஒரு சாண் தள்ளியுள்ள இலைகளை எண்ணிப் பாருங்கள். முடியாது. முழுக் காட்சியும் தெளிவாக இருப்பதாகத் தோன்றுவது, கண் ஓயாமல் தாவித் தாவிப் பொறுக்கிவருவதை மூளை கோத்துத் தருவதால்தான்.

இனி காட்டுமாட்டிடம் திரும்புவோம்.

விழித்திரைக்குள் நுழையும் ஒளி முழுவதும் செல்களில் சிக்கிவிடுவதில்லை. ஒரு பகுதி தப்பிப் பின்னால் போய்விடும். மனிதக் கண்ணில் அப்படித் தப்பும் ஒளியைப் பின்னாலிருக்கும் கருமையான படலம் விழுங்கிவிடுகிறது. மாடு, மான், பூனை, சிறுத்தை, புலி, நாய், தேவாங்கு ஆகியவற்றின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. செல்களுக்கு அதே ஒளியைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்பு. அப்போதும் பிடிபடாதது கண்பாவை வழியாக வெளியே வருகிறது. நாம் பார்ப்பது அந்த மிச்ச ஒளியைத்தான். காட்டுமாட்டின் கண் எரியவில்லை. நம் டார்ச்சின் ஒளியையே நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

இங்கே இரவில் நடக்கிறவர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு. அந்த ஒளி வந்த வழியே திரும்புகிறது. ஆகவே டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் அந்த மினுமினுப்பு உங்கள் கண்ணுக்குச் சரியாக வராது. கன்னத்தருகே, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அதுவரை வெறும் புதராக இருந்த இடத்தில் நாலைந்து ஜோடிக் கண்கள் தெரியலாம். புல்லில் பனித்துளி போலச் சிதறி மின்னும் நுண்புள்ளிகளைக் கிட்டே போய்ப் பார்த்தால் பல நேரம் அவை சிலந்திகளாக இருக்கும். ஓநாய்ச் சிலந்திகளுக்கும் இந்தக் கண்ணாடி உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை: காட்டுப்பன்றிக்கு இந்தப் படலம் கிடையாது. மின்னும் கண் தெரியவில்லை என்பதற்காகப் பாதையில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு நமக்கு ஏன் இல்லை? திருப்பி அனுப்பப்படும் ஒளி வந்த இடத்துக்கே துல்லியமாகப் போவதில்லை, கொஞ்சம் சிதறுகிறது. அதனால் உருவத்தின் கூர்மை மழுங்குகிறது. இருட்டில் பார்க்கும் வரம் வேண்டுமென்றால் கூர்மையில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். நாமும் குரங்குகளும் பகலில் வாழும் இனம், கூர்மையை வைத்துக்கொண்டோம். கண்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருப்பது இதுதான்: எல்லாவற்றையும் பெற்ற கண் என்று ஒன்று எங்குமே இல்லை. ஒவ்வொன்றும் எதையோ கொடுத்துத்தான் எதையோ வாங்கியிருக்கிறது.

கண்ணாடிப் படலம் இல்லாவிட்டாலும் நம் கண்ணுக்கு இருட்டு முற்றிலும் அந்நியமல்ல. பொறுமைதான் வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போன இரவில் திண்ணையில் உட்கார்ந்து கவனியுங்கள். முதல் சில நொடிகளில் கண்பாவை விரியும், அதனால் கிடைப்பது கொஞ்சம்தான். உண்மையான மாற்றம் குச்சி செல்களுக்குள் நடக்கிறது. வெளிச்சத்தில் சிதைந்துபோன ரோடாப்சின் என்ற நிறமியை அவை மறுபடி சேர்த்துவைக்க வேண்டும். அதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். அரைமணி கழித்து முற்றத்துக் கல், வேலி, சில்வர் ஓக் மரத்தின் உச்சி எல்லாம் சாம்பல் நிறத்தில் எழுந்து வரும். அந்த நேரத்தில் யாராவது செல்போன் திரையை முகத்துக்கு நேரே நீட்டினால் சேர்த்ததெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடுவதும் இதனால்தான். நடுப்பள்ளத்தில் குச்சிகள் இல்லை. கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள், நட்சத்திரம் திரும்பி வரும்.

ரோடாப்சின் உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் அந்தி சாய்ந்ததும் பார்வை தடுமாறும். நம் முன்னோர் இதற்கு மாலைக்கண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் விளையும் கேரட்டில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள் நிறைய இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கச் சொல்வதும் இந்தக் காரணத்துக்காகத்தான். மாலைக்கண்ணில் தொடங்குவது முற்றினால் கார்னியாவே கெட்டு, பார்வை நிரந்தரமாகப் போகக்கூடும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: குறை இல்லாதவர் எவ்வளவு கேரட் தின்றாலும் கண்ணாடியின் பவர் குறையாது. நாள்தோறும் இரண்டு டம்ளர் கேரட் சாறு குடித்து மகனின் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று நம்பிய ஒரு தாயை எனக்குத் தெரியும். ஆசை புரிகிறது. ஆனால் கிட்டப்பார்வை என்பது கண்கோளம் நீண்டுபோவதால் வருவது. அதற்கும் வைட்டமினுக்கும் தொடர்பில்லை. அந்தப் பையனுக்குச் செய்திருக்க வேண்டியது, நாள்தோறும் வெளியே விளையாட விடுவது. வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். மூட்டமான நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ்.

நிறத்துக்கு வருவோம். இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு மிகவும் ஆசை.

நம் கூம்பு செல்களில் மூன்று வகை உண்டு. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டே வகை. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் நம் பாலூட்டி முன்னோர் இரவில் ஒளிந்து திரிந்தபோது, பயன்படாத நிறக் கூம்புகளை இழந்துவிட்டார்கள். பறவைகள் இழக்கவில்லை, அவற்றுக்கு நான்கு வகை. மனிதனும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளும் வந்த வழியில், மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மரபணு இரட்டித்து, சிறிது மாறி, மூன்றாவது வகை மறுபடி கிடைத்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அந்த மூன்றாவதன் கொடை. சோலைக் காடுகளில் இளந்தளிர் செம்பு நிறத்தில் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழுத்த பழத்தையும் இளந்தளிரையும் முற்றிய பச்சை இலைகளுக்கு நடுவே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பார்வை நிலைத்தது என்று அறிவியலாளர் பலர் கருதுகிறார்கள். தளிர் தேடித் தின்னும் கருமந்திக்கு அது சோற்றுக் கண்.

புள்ளிமானுக்கு இந்த மூன்றாவது இல்லை. முதுமலையில் வண்டியிலிருந்து பார்க்கும் நமக்குப் புலியின் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரிகிறது. இவ்வளவு பளிச்சென்ற உடலை வைத்துக்கொண்டு இது எப்படி ஒளிந்து வேட்டையாடுகிறது என்று தோன்றும். மானின் கண்ணில் அந்த ஆரஞ்சு, புல்லின் பச்சையோடு ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. மேலே கறுப்புக் கோடுகள், புல்லின் நிழல் போல. பச்சை நிற ரோமம் வளர்க்கும் வழி பாலூட்டிகளிடம் இல்லை. புலிக்கு அது தேவையும் இல்லை, மானின் கண்ணுக்கு அது ஏற்கெனவே பச்சைதான்.

ஆனால் அதே காட்டில், ஒரு மரத்தின் மேல் சாம்பல் மந்தி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நம்மைப் போல மூன்று வகைக் கூம்புகள். உயரமும் சேர்ந்துகொள்கிறது. மந்தி ஒரு முறை இருமுவது போலக் கத்தினால், கீழே மேயும் மான்கள் தலையைத் தூக்கிவிடும். மந்தி உதிர்க்கும் இலைக்கும் காய்க்கும் மான்கள் அந்த மரத்தடியில் கூடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். தன் கண்ணுக்கு எட்டாத நிறத்தை வேறொருவர் கண்ணால் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் மானுக்கு அங்கே கிடைக்கிறது.

தேனீயின் உலகம் இன்னும் வேறு. அதற்கு சிவப்பு தெரியாது. பதிலாக நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா தெரியும். பல பூக்களில் தேன் இருக்கும் நடுவிடத்தைக் காட்டும் கோலங்கள் புறஊதாவில் வரையப்பட்டிருக்கின்றன. மஞ்சள் ஒரே மஞ்சளாக நமக்குத் தெரியும் இதழில் தேனீக்கு வழிகாட்டிப் பலகை தெரிகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் ஊதா கலந்த நீலம், தேனீக்குப் பிடித்தமான நிறம். மாறாக, புல்வெளி ஓரங்களில் நிற்கும் காட்டுப் பூவரசு இரத்தச் சிவப்பில் பூக்கிறது. அந்தச் சிவப்பு பறவைகளுக்கான அழைப்பு. ஒரே மலையில், ஒரே காலையில், யாருக்கு யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர்கள் கண்ணுக்கேற்ற நிறத்தில் பூக்கள் கூப்பிடுகின்றன.

கண் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு பேரம்தான். முகுர்த்தியில் பாறை விளிம்பில் மேயும் வரையாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. முதுகுப் பக்கம் ஒரு சிறு துண்டைத் தவிர சுற்றிலும் தெரியும். அதன் கண்பாவை கிடைமட்டமான கோடு, அடிவானத்தை அகலமாக வாரிக்கொள்ள. மேயத் தலையைக் குனிந்தாலும் ஆட்டினத்தின் கண்கள் குழிக்குள் சுழன்று அந்தக் கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கின்றன. வீட்டு ஆட்டிடமே இதைப் பார்க்கலாம். சிறுத்தைக்கு இரு கண்களும் முன்னால். பக்கவாட்டுப் பார்வையை இழந்து, பாயும் தூரத்தை இரு கண்ணாலும் அளக்கும் திறனை வாங்கியிருக்கிறது. ஆந்தை இன்னும் தீவிரம்: குழல் போன்ற பெரிய கண்களை வைத்துக்கொண்டு, அவற்றைக் குழிக்குள் அசைக்கும் வசதியை இழந்தது. அதனால்தான் கழுத்தை அப்படித் திருப்புகிறது.

மாயாறு பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும் பாறுக் கழுகுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. இவை செத்த விலங்கை மோப்பத்தால் கண்டுபிடிப்பதில்லை, பார்வையால்தான். கீழே நிலத்தைப் பார்ப்பதோடு, தூரத்தில் பறக்கும் மற்ற பாறுகளையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று இறங்கினால் அடுத்தது அதை நோக்கி வரும், அதைப் பார்த்து மற்றொன்று. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தால் இவை கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல்தான் கால்நடைகளுக்கு அதைக் கொடுக்கத் தடை வந்தது. எண்ணிக்கை குறைந்தால் உயிர்கள் மட்டுமல்ல, வானத்தில் கண்ணுக்குக் கண்ணாக நீண்டிருந்த அந்தச் சங்கிலியும் அறுந்துபோகிறது. பாறின் கண்ணுக்கும் ஒரு விலை உண்டு. கீழே பார்க்கத் தலையைத் தாழ்த்தும்போது நேர் எதிரே இருப்பது அதற்குத் தெரியாது. மேலே வெயில் கண்ணில் விழாதபடி எலும்பும் புருவமும் மறைத்திருப்பதால் வரும் குருட்டிடம் அது. மின்கம்பிகளில் அவை மோதுவது இதனால்தான்.

கரடிக்குப் பார்வை குறைவு, மூக்குதான் கூர்மை. கோத்தகிரியில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடிக் கோயிலுக்குள் கரடி புகுந்த செய்தியை அடிக்கடி படிக்கிறோம். காற்று எதிர்த்திசையில் அடித்தால் நாம் மிக அருகில் வரும்வரை அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் தாக்கும். ஆகவே அந்தி நேரத்தில் பேசிக்கொண்டே, கோலைத் தட்டிக்கொண்டே நடங்கள்.

கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்த்தால் மலைகள் அடுக்கடுக்காக நீலமாகிக்கொண்டே போகும். அருகிலுள்ளது பச்சை, அடுத்தது நீலப்பச்சை, கடைசி வரிசை வெளிர்நீலம். இடையிலுள்ள காற்று, ஒளியில் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கிறது. காற்றின் தடிமன் கூடக் கூட நீலமும் கூடுகிறது. மூளை இதைத் தூரத்தின் அளவுகோலாகப் பயன்படுத்துகிறது. மழை கழுவிய காலையில் எதிர்மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுவதும், பனிமூட்டத்தில் எதிரே வரும் லாரி உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றுவதும் இதன் விளைவு. இரண்டாவது ஆபத்தானது. அந்த நேரத்தில் ஹைபீம் போட்டால் பனித்துளிகள் அந்த ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி வீசும். விளக்கைத் தாழ்த்த வேண்டும்.

இந்த நீலம் வயதானவர்கள் கண்ணில் மெல்லத் தேய்ந்துபோகிறது. நாற்பதுக்கு மேல் லென்ஸ் விறைத்து வெள்ளெழுத்து வருவது எல்லோருக்கும் தெரியும், ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடும் வயது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் லென்ஸ் மெல்ல மஞ்சளித்துக்கொண்டும் வருகிறது. மஞ்சள் நீலத்தை வடிகட்டிவிடும். மாற்றம் ஆண்டுக்கணக்கில் நடப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. அது முற்றிக் கலங்கினால் கண்புரை. சூரியனின் புறஊதாக் கதிர் புரைக்கு ஒரு காரணம். உயரம் 1000 மீட்டர் கூடினால் புறஊதா சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் இருப்பதால் வெயில் உறைப்பதில்லையே தவிர, கதிர் உறைக்காமல் இல்லை. நாள் முழுவதும் கொழுந்து பறிப்பவர்களுக்கு விளிம்பு வைத்த தொப்பி அவசியம் என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு என் தாயாருக்கு வலது கண்ணில் புரை நீக்கி, செயற்கை லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் காலை, முற்றத்தில் நின்று எதிர்மலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்தினார், எடுத்தார், இடது கண்ணைப் பொத்தினார். என்னைக் கூப்பிட்டு, ஒரு கண்ணில் மலை பழுப்பாக இருக்கிறது, இன்னொன்றில் நீலமாக இருக்கிறது, எது சரி என்று கேட்டார். நீலம் என்றேன். இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடக்கும்வரை, ஆறு வாரம், தினமும் காலையில் அப்படி மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.